மணல் போடாவிட்டால் செம்பு பிரியாது

செம்பு உருக்கும் ஆலையில் அடிக்கடி நடக்கும் சின்ன வேலை ஒன்று உண்டு. உலையின் கூரையில் இருக்கும் துளை வழியாக நீளமான இரும்புக் கம்பி ஒன்றை நேராக உள்ளே இறக்குவார்கள். கம்பி அடித்தரையில் தட்டியதும் சில விநாடிகள் அப்படியே பிடித்திருந்துவிட்டு, சட்டென்று மேலே இழுப்பார்கள். உள்ளே இருப்பது 1250 டிகிரி செல்சியஸ் அளவில் உருகி நிற்கும் குழம்பு. எட்டிப் பார்த்தால் ஒரே தகதகப்பாகத்தான் இருக்கும். எது எங்கே இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆனால் வெளியே வந்த கம்பி சொல்லிவிடும். மேல் பகுதியில் கசடு உறைந்து ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே ஒட்டியிருப்பது வேறு பொருள் என்று பழகிய கண்ணுக்கு உடனே தெரியும். நடுவில் ஓர் எல்லைக்கோடு. அளவுகோலை வைத்து, மேலே இத்தனை சென்டிமீட்டர், கீழே இத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துக்கொள்வார்கள்.

அந்தக் கோடு எப்படி உண்டாகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இரும்பும் கந்தகமும் மண்ணும் செம்புமாக எல்லாம் சேர்ந்து உருகிய ஒரு குழம்பு, யாரும் வடிகட்டாமல் தானாகவே இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கிறது. கீழடுக்கில் செம்பு, மேலடுக்கில் வேண்டாதது. உலோகவியலில் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் இதுவும் ஒன்று. பள்ளிப் பாடத்தில் இதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறோமே என்ற வருத்தமும் உண்டு.

முதலில், உலைக்குள் என்ன போகிறது என்று பார்த்துவிடலாம். இன்று உலகில் தோண்டப்படும் பெரும்பாலான செம்புத் தாதுவில் செம்பு 1 சதவீதம்கூட இருப்பதில்லை. அரை சதவீதத் தாதுவையும் தோண்டுகிறார்கள். அதை மாவாக அரைத்து, தாதுத் துகள்களை நுரைக் குமிழிகளில் ஒட்டி மேலே மிதக்கவைக்கும் நுரை மிதப்பு முறையில் வெற்றுக் கல்லைப் பெருமளவு கழித்துவிட்டால், 25 முதல் 30 சதவீதம் செம்பு உள்ள கறுப்புத் தூள் கிடைக்கும். அடர்ப்பித்த தாது என்று சொல்வது இதைத்தான். இதில் முக்கியமான கனிமம் காப்பர் பைரைட். ஒரு செம்பு அணு, ஒரு இரும்பு அணு, இரண்டு கந்தக அணு. எடையில் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீதம் வரும். ஆக, நமக்கு வேண்டிய செம்போடு அதே அளவு இரும்பும் கந்தகமும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. கந்தகத்தை எரித்து வாயுவாக்கி வெளியேற்றிவிடலாம். இரும்பை என்ன செய்வது? அதை வாயுவாக்க முடியாது. வேறொரு திரவத்துக்குள் தள்ளித்தான் வெளியே அனுப்ப வேண்டும். அந்தத் திரவம்தான் கசடு.

இங்கே இயற்கை நமக்குச் செய்யும் உதவி ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் மீது இரும்புக்கு இருக்கும் பிடிப்பு செம்புக்குக் கிடையாது. உலைக்குள் அளவாக ஆக்சிஜனை ஊதினால், இரும்பு முந்திக்கொண்டு அதைப் பிடித்து இரும்பு ஆக்சைடாக மாறும். செம்பு கந்தகத்தோடு சேர்ந்தபடியே இருக்கும். தப்பித்தவறிக் கொஞ்சம் செம்பு ஆக்சைடாகிவிட்டாலும், பக்கத்தில் இன்னும் எரியாத இரும்பு சல்பைடு இருந்தால் போதும். இரண்டும் ஆளை மாற்றிக்கொள்ளும்: ஆக்சிஜன் இரும்பிடம் போய்விடும், கந்தகம் செம்பிடம் வந்துவிடும். அதாவது உலையில் கொஞ்சம் இரும்பு சல்பைடு மிச்சம் இருக்கும்வரை செம்புக்குக் காவல் இருக்கிறது.

இப்படி மிஞ்சும் செம்பு சல்பைடும் இரும்பு சல்பைடும் சேர்ந்து உருகிய கலவைக்கு மேட் என்று பெயர். நம் பாடப்புத்தகத்தில் காப்பர் மேட் என்று வருவது இதுதான். பழைய உலைகளில் மேட்டில் செம்பு 40, 45 சதவீதம் இருக்கும். இன்றைய உலைகளில் 60 சதவீதத்துக்கு மேலும் போகிறது. தாதுவில் இருக்கும் தங்கமும் வெள்ளியும்கூடப் பெரும்பாலும் மேட்டோடுதான் போகும்.

சரி, இப்போது கோட்டுக்கு வருவோம். மேட் கீழே, கசடு மேலே. ஏன் என்று கேட்டால், கசடு எடை குறைவு, அதனால் மிதக்கிறது என்போம். தப்பில்லை, ஆனால் இது பாதி பதில். தேனை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைவிடக் கனமானது, மெதுவாக ஊற்றினால் டம்ளரின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு கரண்டியால் நன்றாகக் கலக்கிவிட்டு எத்தனை நாள் வைத்திருந்தாலும், தேன் தனியாகத் தண்ணீர் தனியாகப் பிரியாது. எண்ணெயும் தண்ணீரும் அப்படியில்லை. என்ன கலக்கு கலக்கினாலும் சற்று நேரத்தில் எண்ணெய் மேலே வந்துவிடும். எடை வித்தியாசம் இரண்டு ஜோடியிலும் இருக்கிறது. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஒன்றோடொன்று சேரப் பிடிக்கவில்லை என்பதுதான் வேறுபாடு. எனவே மேட்டும் கசடும் ஏன் சேராமல் நிற்கின்றன என்பதுதான் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. எடை அதற்குப் பிறகுதான்.

இதற்கான விடை ஆச்சரியமானது. இரும்பு ஆக்சைடும் இந்த சல்பைடுகளும் மட்டும் உலையில் இருந்தால் அவை பிரியவே பிரியாது. தேனும் தண்ணீரும் போல ஒரே திரவமாகக் கலந்து நிற்கும். இரும்புக்கு ஆக்சிஜனும் சரி, கந்தகமும் சரி, இரண்டும் பழகிய ஆட்கள்தான். உருகிய நிலையில் இரும்பு அயனிகளைச் சுற்றி ஆக்சைடு அயனியும் சல்பைடு அயனியும் இடம் மாறி இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். யாரும் யாரையும் விலக்குவதில்லை. அந்தக் குழம்பை மணிக்கணக்கில் அசையாமல் வைத்திருந்தாலும், கம்பியை விட்டு எடுத்தால் கோடு எதுவும் இருக்காது.

இதை இரண்டாகப் பிரிப்பது மணல்.

ஆமாம், சாதாரண மணலில் இருக்கும் சிலிக்காதான். தாதுத் தூளோடு மணலையோ குவார்ட்ஸ் கல்லையோ கலந்து உலைக்குள் விடுகிறார்கள். இளக்கி என்று இதைப் படித்திருப்போம். இரும்பு ஆக்சைடும் சிலிக்காவும் சேர்ந்து இரும்பு சிலிக்கேட், அதுவே கசடு என்று ஒரு சமன்பாட்டை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். சிலிக்கா போடுவது இரும்பைப் பிடிக்கத்தான் என்று அந்தச் சமன்பாடு நம்மை நம்பவைத்துவிடுகிறது. உண்மையில் சிலிக்கா செய்கிற பெரிய வேலை அதைவிட ஒரு படி மேலே.

சிலிக்கான் அணு ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி நான்கு ஆக்சிஜனை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பக்கத்து சிலிக்கானோடு ஒரு ஆக்சிஜனைப் பொதுவாக வைத்துக்கொண்டு சங்கிலி சங்கிலியாக நீளவும் செய்யும். அதுவரை தனித்தனியாகத் திரிந்த ஆக்சிஜன் எல்லாம் இப்போது இந்தச் சங்கிலிகளில் கட்டுண்டுவிடுகிறது. மின்சுமை கொண்ட இந்தச் சிலிக்கேட் கூட்டத்துக்கு ஈடுகட்ட இரும்பு அயனிகள் அதைச் சுற்றி நிற்கும். கந்தகத்துக்கு அங்கே இடமில்லை. சிலிக்கான் கந்தகத்தைச் சீண்டுவதில்லை; ஆக்சிஜன் இருக்கும்போது அதைத்தான் பிடிக்கும். மறுபக்கம் மேட் முற்றிலும் வேறு குணம் உள்ள திரவம். அதில் எலெக்ட்ரான்கள் ஓரளவு தாராளமாகவே ஓடும். கசடைவிடப் பலமடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். இந்த இரண்டு உலகமும் ஒன்றுக்குள் ஒன்று கரைய மறுக்கின்றன. சிலிக்கா சேரச் சேர, ஒரே குழம்பாக இருந்தது இரண்டு திரவமாக உடைகிறது. ஒன்றில் ஆக்சிஜன் பக்கம் சேர்ந்தவை, மற்றொன்றில் கந்தகம் பக்கம் சேர்ந்தவை. செம்பு கந்தகத்தோடு இருந்ததால் அந்தப் பக்கம் போய்விடுகிறது.

ஜப்பானிய ஆய்வாளர்களான யசாவா, கமேதா இருவரும் 1953இல் இதை அளந்து வரைபடமாகப் போட்டார்கள். இரும்பு ஆக்சைடு, இரும்பு சல்பைடு, சிலிக்கா மூன்றையும் வெவ்வேறு அளவில் கலந்து உருக்கினால் எங்கே ஒரே திரவம், எங்கே இரண்டு திரவம் என்று காட்டும் முக்கோண வரைபடம் அது. சிலிக்கா இல்லாத ஓரத்தில் ஒரே திரவம். சிலிக்காவைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. இன்னும் கூட்டக் கூட்ட, இரண்டு திரவங்களும் ஒன்றைவிட்டு ஒன்று மேலும் விலகிப் போகின்றன. கசடில் கரைந்திருக்கும் சல்பைடும் குறைகிறது, மேட்டில் கரைந்திருக்கும் ஆக்சைடும் குறைகிறது. சுண்ணாம்பும் அலுமினாவும் கொஞ்சம் இருந்தால் இந்த விலகலுக்குத் துணைசெய்யும். செம்பு உருக்குவதைப் படிப்பவர்கள் இன்றும் இந்தப் படத்தில்தான் தொடங்குகிறார்கள்.

அப்படியானால் சிலிக்காவை அள்ளிப் போட்டுவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். கந்தகத்தை வெளியே தள்ளுகிற அதே சங்கிலிகள்தான் கசடைக் கெட்டியாக்கவும் செய்கின்றன. கண்ணாடி உருகும்போது இழுபட இழுபட வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் சிலிக்காச் சங்கிலியின் வேலைதான். கசடு அந்தப் பதத்துக்குப் போய்விட்டால் மேட் துளிகள் அதில் மாட்டிக்கொண்டு இறங்காது. ஆலைகள் பொதுவாகக் கசடில் சிலிக்காவை 30 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள்கின்றன. பிரிவதற்குப் போதுமான சிலிக்கா, ஓடுவதற்குப் போதுமான இளக்கம், இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம். சமையலில் பாகுப் பதம் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

இனி எடையின் முறை. திரவம் இரண்டாக உடைந்துவிட்டது என்றால் உடனே இரண்டு அடுக்காகிவிட்டது என்று பொருளில்லை. மேட் முதலில் கசடுக்குள் துளித்துளியாகச் சிதறித்தான் இருக்கும். அந்தத் துளிகள் கீழே இறங்கி ஒன்றுசேர வேண்டும். உருகிய கசடின் அடர்த்தி தண்ணீரைப் போல் 3 முதல் 3.7 மடங்கு வரை. மேட் 4 முதல் 5 மடங்குக்குச் சற்று மேல் வரை போகும். செம்பு அதிகமாக அதிகமாக மேட்டின் கனமும் கூடும். வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை என்பதைக் கவனியுங்கள். கசடின் பிசுக்குமையோ, அதாவது ஓடவிடாமல் தடுக்கும் கெட்டித்தன்மையோ, தண்ணீரைப் போல் நூறு மடங்கு. நல்ல சூட்டில் ஒழுங்கான கசடு கிட்டத்தட்ட நம் சமையல் எண்ணெய் போல ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண்ணெய்க்குள் ஒரு துளி எவ்வளவு வேகமாக இறங்கும்? கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851இல் இதற்கு ஒரு விதி தந்தார். எடை வித்தியாசம் கூடினால் வேகம் கூடும், பிசுக்குமை கூடினால் வேகம் குறையும். இதெல்லாம் நாமே ஊகிக்கக்கூடியதுதான். நாம் எதிர்பார்க்காதது துளியின் அளவு செய்யும் வேலை: வேகம் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. துளியின் விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மேட்டுக்கும் கசடுக்கும் அடர்த்தி வித்தியாசம் 1.2, கசடு அடுக்கின் தடிமன் அரை மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். 1 மில்லிமீட்டர் துளி, அதாவது கடுகைவிடச் சற்றுச் சின்னது, ஒன்றேகால் நிமிடத்தில் கீழே வந்துவிடும். 0.1 மில்லிமீட்டர் துளிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 0.01 மில்லிமீட்டர் துளிக்கு? கிட்டத்தட்ட ஒன்பது நாள். உலையில் கசடு அத்தனை நாள் தங்காது. சில மணி நேரத்தில் வடித்துவிடுவார்கள். ஆக, பெரிய துளிகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். உலைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பொடித் துளிகள்தான்.

அப்படியென்றால் சின்னத் துளிகளைப் பெரிதாக்க வழி இருந்தால் நல்லது. கலங்கிய ஆற்றுத் தண்ணீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிடும் பழக்கம் நம்மிடம் இருந்தது. நுண்ணிய மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி, குடத்தின் அடியில் சீக்கிரம் படிந்துவிடும். தண்ணீரின் இயல்பையோ மண்ணின் எடையையோ கொட்டை மாற்றுவதில்லை. துகளின் அளவை மாற்றுகிறது, அவ்வளவுதான். உலையில் தேற்றாங்கொட்டை கிடையாது. துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர வேண்டும், மோரில் வெண்ணெய் திரள்வது போல. அதற்கு ஓரளவு அசைவு வேண்டும். அசைவு அதிகமானாலோ சேர்ந்தது மறுபடி சிதறிவிடும். எனவே ஓர் இடத்தில் கலக்கமும் இன்னோர் இடத்தில் அமைதியும் வேண்டும் என்பதால், உலையின் வடிவமே இதை ஒட்டி அமைகிறது.

இதை அழகாகக் காட்டும் உலை பின்லாந்தில் பிறந்தது. ஊட்டோகும்பு நிறுவனம் அங்கே இமாட்ரா என்ற ஊரில் மின்சார உலை வைத்துச் செம்பு உருக்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, சோவியத் எல்லைக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஆலையை மேற்கே ஹர்யவால்டாவுக்கு மாற்றினார்கள். போர் முடிந்தபோது நீர்மின் நிலையங்கள் பலவற்றை இழந்திருந்த நாட்டில் கடுமையான மின்தட்டுப்பாடு. மின்சாரம் குடிக்கும் உலையை ஓட்ட வழியில்லை. பெட்ரி ப்ரிக் என்ற பொறியாளரும் அவருடன் இருந்தவர்களும், தாதுவில் இருக்கும் கந்தகமும் இரும்பும் எரியும் சூட்டையே பயன்படுத்தி உருக்கிவிடலாம் என்று இறங்கினார்கள். 1949இல் ஹர்யவால்டாவில் ஓடத் தொடங்கிய அந்த ஃபிளாஷ் உலையின் வழிவந்தவைதான் இன்று உலகின் செம்பில் பெரும்பங்கை உருக்குகின்றன. இந்தியாவில் ராஜஸ்தானின் கேத்ரி, ஜார்க்கண்டின் காட்சிலா, குஜராத்தின் தகேஜ் ஆலைகளிலும் இந்த வகை உலையை நிறுவினார்கள்.

அந்த உலைக்கு மூன்று பாகம். ஒரு பக்கம் நின்றபடி ஒரு கோபுரம். உலர்ந்த தாதுத் தூளையும் மணல் தூளையும் ஆக்சிஜன் கூட்டிய காற்றோடு அதன் உச்சியிலிருந்து ஊதுவார்கள். தூள் கீழே வந்து சேர்வதற்குள், ஓரிரு விநாடியில், எரிந்து உருகிவிடும். கீழே கிடைமட்டமாக நீண்ட ஒரு தொட்டி. படிவுத்தொட்டி என்று சொல்லலாம். மறுகோடியில் கந்தக டைஆக்சைடு வாயு மேலேறிப் போக இன்னொரு கோபுரம். கோபுரத்திலிருந்து உருகிய துளிகள் மழைபோல விழுந்து தொட்டியில் சேரும். விழும் இடத்தில் ஒரே கொந்தளிப்பு. துளிகள் மோதிச் சேர்வதும், அதிகம் எரிந்த துளியும் குறைவாக எரிந்த துளியும் ஆக்சிஜனையும் கந்தகத்தையும் மாற்றிக்கொள்வதும் இங்கேதான். அதிலிருந்து தள்ளிப் போகப் போகக் குழம்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியில் மேட் இறங்கும். தொட்டியின் சுவரில் தாழ்வான துளைகள் மேட்டுக்கு, உயரமான துளைகள் கசடுக்கு.

ஆரம்பத்தில் சொன்ன இரும்புக் கம்பியின் அருமை இங்கே புரியும். மேட் மட்டம் கசடுத் துளைவரை ஏறிவிட்டால் கசடோடு மேட்டும் வெளியேறிவிடும். செம்பு நட்டம் என்பதோடு போகாது. பல ஆலைகளில் வெளியேறும் கசடைத் தண்ணீர் பீய்ச்சிக் குருணையாக்குவார்கள். அந்தத் தண்ணீரில் மேட் விழுந்தால் வெடிக்கும். கம்பியில் அளக்கும் அந்தச் சில சென்டிமீட்டர், பக்கத்தில் நிற்கும் மனிதர்களின் உயிரைக் காப்பது.

எல்லா உலையும் தனக்குள்ளேயே அமைதியான மூலை வைத்திருப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசா ஊரில் வளர்ந்த ஐசாஸ்மெல்ட் உலையில், மேலிருந்து ஒரு நீண்ட குழாயை உருகிய குழம்புக்குள் அமிழ்த்திக் காற்றை ஊதுவார்கள். முழுக் குழம்பும் கொதிகுழம்பு போலப் புரண்டுகொண்டே இருக்கும். வேதிவினை வேகமாக முடியும். ஆனால் அங்கே எதுவும் படியாது. எனவே மேட்டையும் கசடையும் கலந்தபடியே வடித்து, பக்கத்தில் அமைதியான வேறோர் உலையில் ஊற்றிப் பிரியவைக்கிறார்கள். 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த 2018 மே மாதப் போராட்டத்துக்குப் பின் மூடப்பட்ட தூத்துக்குடி ஆலையில் இருந்ததும் இந்த ஐசாஸ்மெல்ட் உலைதான்.

பிரிவதைக் கெடுக்கும் எதிரிகளில் முதலாவது மேக்னடைட். ஆக்சிஜன் தேவைக்கு மேல் போனால் இரும்பு இன்னும் அதிகமாக ஆக்சிஜனைப் பிடித்து மேக்னடைட்டாக மாறும். காந்தம் இழுக்கும் அதே கறுப்புக் கனிமம். அதன் உருகுநிலை 1600 டிகிரியை நெருங்கும். 1250 டிகிரி உலையில் அது திடமாகவே கிடக்கும். கசடில் மேக்னடைட் துகள் பெருகினால், ரவை அதிகமாகக் கொட்டிய கஞ்சி போலக் கசடு கெட்டிப்படும். மேட்டுக்கும் கசடுக்கும் நடுவிலேயே சேறாகத் தங்கி, இறங்க வரும் துளிகளை அது மறித்துக்கொள்ளும். கம்பியில் சுத்தமான கோட்டுக்குப் பதிலாகக் குழைந்த பட்டை ஒன்று தெரிந்தால், பார்ப்பவருக்குச் சந்தேகம் முதலில் இதன்மேல்தான் போகும். உலையின் தரையிலும் படிந்து படிந்து கொள்ளளவைத் தின்றுவிடும். ஆனால் அளவோடு படிந்தால் உலைக்கல்லை அரிப்பிலிருந்து காக்கும் கவசமும் அதுவே, அதனால் முழுக்க ஒழிக்கவும் மாட்டார்கள்.

இரண்டாவது எதிரி குமிழி. கசடுக்குள் உண்டாகும் கந்தக டைஆக்சைடு குமிழிகள் மேலே வரும்போது, அடியில் இருக்கும் மேட் அவற்றின் மேல் மெல்லிய தோலாகப் படர்ந்து கூடவே ஏறிவிடும். குமிழி உடைந்ததும் அந்தத் தோல் கிழிந்து பொடித் துளிகளாகச் சிதறும். இறங்கி முடித்த மேட்கூட இப்படி மறுபடி மேலே போகிறது. தாதுவைச் சுத்தம் செய்யும்போது நமக்கு உதவிய நுரை மிதப்பு, இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. எனக்கு இது ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கும்.

சூட்டைக் கூட்டினால் கசடு இளகுமே என்று தோன்றும். இளகும்தான். ஆனால் உலைக்கல் சீக்கிரம் கரையும், எரிபொருள் செலவாகும்.

துளிகளையெல்லாம் எப்படியோ இறக்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கசடில் கொஞ்சம் செம்பு இருக்கும். அது துளியாக இல்லாமல், உப்பு தண்ணீரில் கரைவது போலக் கசடுக்குள் கரைந்து கிடப்பது. எவ்வளவு நேரம் அசையாமல் வைத்தாலும் கரைந்த உப்பு அடியில் நிற்காது அல்லவா, அதே கதைதான். மேட்டில் செம்பின் சதவீதம் 70ஐத் தாண்டும்போது இந்தக் கரைந்த செம்பு விறுவிறுவென்று கூடும். காரணம் முன்பே பார்த்ததுதான்: காவலுக்கு நின்ற இரும்பு சல்பைடு தீர்ந்துபோகிறது, செம்பு ஆக்சைடாகிக் கசடு பக்கம் போகிறது.

ஆக, கசடில் போகும் செம்பு இரண்டு வகை. மாட்டிக்கொண்டது ஒன்று, கரைந்துபோனது ஒன்று. மருந்தும் வேறு வேறு. முதலாவதுக்கு நேரமும் இளக்கமும் வேண்டும்; இரண்டாவதுக்கு ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும்.

இவ்வளவு கவலைப்படத் தேவையா என்று கேட்கலாம். ஒரு டன் செம்பு எடுத்தால் சுமார் இரண்டு டன்னுக்கு மேல் கசடு வரும். நவீன உலையிலிருந்து நேராக வரும் கசடில் 1 முதல் 2 சதவீதம் செம்பு இருப்பது சாதாரணம். சுரங்கத்தில் அரை சதவீதத் தாதுவுக்காக மலையைக் குடைகிறோம் என்று மேலே பார்த்தோம். அதைவிட வளமான பொருளை உருக்கிய பிறகு தூக்கிப் போடுவது நியாயமே இல்லை.

எனவே கசடைச் சும்மா விடுவதில்லை. ஒரு வழி, கசடை மின்சார உலையில் ஊற்றி, கல்கரி சேர்த்து, அசையாமல் சில மணி நேரம் வைத்திருப்பது. கரி ஆக்சிஜனைப் பிடுங்கும். மேக்னடைட் கரைந்து கசடு இளகும். ஆக்சைடாகக் கரைந்திருந்த செம்பு திரும்பிவந்து கீழே சேரும். இரண்டு வகை நட்டத்துக்கும் ஒரே இடத்தில் வைத்தியம்.

இன்னொரு வழி எனக்கு இன்னும் பிடிக்கும், ஏனென்றால் அதில் பொறுமையே முக்கால்வாசி வேலை செய்கிறது. கசடைப் பெரிய பாத்திரங்களில் ஊற்றி மெதுவாக ஆறவிடுவார்கள். சட்டென்று தண்ணீரில் குளிரவைத்த கசடு கறுப்புக் கண்ணாடி போல உறையும். உள்ளே இருக்கும் செம்பு அப்படி அப்படியே பொடியாகச் சிக்கிக்கொள்ளும். மெதுவாக ஆறினால் சிலிக்கேட் ஊசி ஊசியாகப் படிகமாகும். கரைந்திருந்த செம்பு வெளியே தள்ளப்பட்டு அந்த ஊசிகளின் இடுக்குகளில் சேரும்; சிறு துளிகள் ஒன்றுகூடி வளரும். அப்படி ஆறிய துண்டு ஒன்றை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், மங்கலான சாம்பல் நிற ஊசிகளுக்கு நடுவே வட்டம் வட்டமாகப் பளிச்சிடும் பொட்டுகள் தெரியும். அவைதான் இறங்கி முடிக்காத மேட் துளிகள். பாதி வழியில் உலகம் உறைந்துபோனதால் அங்கேயே நின்றுவிட்டவை. இந்தக் கசடைத் தாதுபோலவே அரைத்து, மறுபடி நுரை மிதப்பில் விட்டு, பொட்டுகளைப் பொறுக்கி உலைக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

பொட்டுகளைப் பொறுக்கும் வேலை நேற்று வந்ததில்லை. இன்றைய இஸ்ரேலின் தெற்கே இருக்கும் திம்னா பள்ளத்தாக்கில் 3000 ஆண்டுகளுக்கு முன்பே செம்பு உருக்கியிருக்கிறார்கள். அங்கே தாது வேறு; கந்தகம் கலந்தது இல்லை, எனவே மேட்டும் இல்லை, நேரடியாகச் செம்பே உருகி வரும். ஆனாலும் சின்ன உலை, போதாத சூடு, கெட்டிக் கசடு. செம்பு மணிமணியாகக் கசடுக்குள் மாட்டிக்கொள்ளும். கசடை ஆறவிட்டுக் கல்லால் உடைத்து அந்த மணிகளைத் தேடி எடுத்தார்கள். உடைத்த கசடின் குவியல்கள் இன்னும் அங்கே கிடக்கின்றன.

மேட் கிடைத்ததோடு செம்பு தயாராகிவிடவில்லை. உள்ளே இன்னும் இரும்பும் கந்தகமும் இருக்கின்றன. அதைக் கன்வெர்ட்டர் என்ற உருளை உலையில் ஊற்றி மறுபடி காற்றை ஊதுவார்கள். மிச்ச இரும்பு ஆக்சைடாகும், மறுபடி மணல் போடுவார்கள், மறுபடி கசடு பிரியும், உலையைச் சாய்த்து அதை ஊற்றிவிடுவார்கள். இந்தக் கசடில் செம்பு இன்னும் கூடுதலாக இருக்கும் என்பதால் அதையும் வீணாக்குவதில்லை. இப்போது உலையில் செம்பு சல்பைடு மட்டுமே. இன்னும் ஊதினால் கந்தகம் எரிந்து போகப் போகச் செம்பு உலோகமாகவே வெளிவரத் தொடங்கும். உருகிய செம்பும் உருகிய செம்பு சல்பைடும் மறுபடி ஒன்றில் ஒன்று கரையாத ஜோடி. முதலாவதன் அடர்த்தி 7.8, இரண்டாவதன் அடர்த்தி 5.2. எது கீழே போகும் என்று இனி நீங்களே சொல்லிவிடுவீர்கள். கடைசிக் கந்தகமும் எரிந்து மேலடுக்கு முழுக்கத் தீர்ந்துபோகும்போது, உலையில் நிற்பது சுமார் 99 சதவீதச் செம்பு.